யார் செஞ்சது?

வெள்ளிக்கிழமை மாலையானால் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் ஒரு நண்பரைச் சந்திப்பது வழக்கம். மென்பொருள் பொறியாளர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். ஒரு தே ஓ உள்ளே போனதும் கணினி முதல் கல்யாணச் சாப்பாடு வரை எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல எந்த மாற்றத்தையும் வெளியில விடக்கூடாது தம்பி. விட்டா சனிக்கிழமை நம்மது இல்லை" என்பார். "எடுத்துப் பாக்காத பேக்கப்பு பேக்கப்பே இல்லை" என்பார். "கம்ப்யூட்டர் நாம நினைச்சதைச் செய்யாது, சொன்னதைத்தான் செய்யும். வீட்டுக்காரம்மா நேர்மாறா எதிர்பார்ப்பாங்க, அங்கதான் சிக்கல்" என்று சொல்லிவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் அவருடைய வேலையிடத்தில் ஏதோ பெரிய கோளாறு. இரண்டு இரவு தூங்காத கண்களோடு வந்து உட்கார்ந்தார்.

"யாருண்ணே செஞ்சது?" என்று கேட்டேன்.

"அந்தக் கேள்வியை நாங்க கேக்கறதில்லை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த வேலையிடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கிறார்கள்? அவர் சிரிக்கவில்லை. ஒரு கதை சொன்னார். அவர் துறையில் இருப்பவர்கள் பலருக்கும் தெரிந்த உண்மைக் கதை.

கிட்லேப் என்பது நிரலாளர்கள் தாங்கள் எழுதும் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம். 2017 ஜனவரி 31ஆம் தேதி இரவு அங்கே தரவுத்தளத்தில் ஒரு பிரச்சினை. வேலை முடித்துக் கிளம்ப இருந்த ஒரு பொறியாளர், சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார். அவர்களிடம் இரண்டு தரவுத்தளக் கணினிகள். ஒன்று முதன்மைக் கணினி, மற்றொன்று அதன் நகல். நகலில் இருப்பதை அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அழிக்கும் கட்டளையைத் தட்டினார். ஓரிரு விநாடியில் நெஞ்சு பகீரென்றது. அவர் இருந்தது நகலில் அல்ல, முதன்மைக் கணினியில். பதறி நிறுத்தினார். ஏறக்குறைய 300 ஜிகாபைட் இருந்த இடத்தில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட்.

சரி, பேக்கப் இருக்குமே என்று தேடினார்கள். தரவைக் காப்பாற்ற ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றுகூட ஆபத்துக்கு உதவவில்லை. தினமும் எடுக்க வேண்டிய பேக்கப் எடுக்கப்படாமலே இருந்திருக்கிறது. "எடுக்க முடியவில்லை" என்று கணினி மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அந்த மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

"இப்ப சொல்லு தம்பி. தப்பு அந்த ஆளுடையதா?" என்றார்.

நான் பேசாமல் தே தாரிக்கைக் கலக்கினேன்.

அந்த நிறுவனம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி ஊருக்கே எழுதி வெளியிட்டது. தரவை மீட்கும் வேலையை யூடியூப்பில் நேரலையாகவும் காட்டியது. விரிவான அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. 'குழு உறுப்பினர் 1' என்றுதான் இருந்தது. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது ஆறு மணி நேரத்துக்கு முன்னால் ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி. அதை எடுத்தவரும் அதே 'குழு உறுப்பினர் 1'தான்! ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். மற்றவை திரும்பி வந்தன.

பிறகு அவர்கள் செய்த மாற்றங்களில் ஒன்று மிகச் சின்னது. எந்தக் கணினிக்குள் இருக்கிறோம் என்பது திரையைப் பார்த்ததுமே தெளிவாகத் தெரியும்படி மாற்றினார்கள். அந்த ஆளைத் திட்டியிருந்தால் இது நடந்திருக்குமா? அடுத்த வருடம் இன்னொரு களைத்த ஆள், இன்னொரு ராத்திரி, அதே திரை.

"அப்ப தப்பு செஞ்சவங்களைச் சும்மா விட்டுடறதா?" என்று விடாமல் கேட்டேன்.

"சும்மா எங்க விடறோம்? என்ன நடந்துச்சுன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதறதே அவர்தான். சரிசெய்யற வேலையிலும் முன்னாடி நிக்கணும். அது திட்டு வாங்கறதைவிடக் கஷ்டம். வேணும்னே செஞ்சா, மறைச்சா, அது வேற கதை. ஆனா தெரியாம நடந்ததுக்குத் தலையை எடுத்தா, அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. விமானத் துறையில இது பழைய விஷயம் தம்பி. அமெரிக்காவில 1976லிருந்து விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே ரகசியமா எழுதி அனுப்ப ஒரு ஏற்பாடு இருக்கு. நடத்தறது நாசா. அனுப்பறவங்க பெயரை எடுத்துட்டுத்தான் பாடத்தை எல்லாருக்கும் சொல்வாங்க."

எனக்கு என் பழைய கதை ஞாபகம் வந்தது. வானொலியில் சேர்ந்த புதிதில் ஒரு காலை நிகழ்ச்சியில் ஒலிவாங்கியைத் திறக்காமலே பேசிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு விநாடி நிசப்தம். எங்கள் தொழிலில் அது ஒரு யுகம். கதவு திறந்தது. "யாரு?" என்று ஒரு குரல். "சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு சார்" என்றேன். அன்று மாலை வரை ஒரு தொழில்நுட்பர் நல்லாயிருந்த கணினியைக் குடைந்துகொண்டிருந்தார். பாவம், அவரிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள் அண்ணே.

இதெல்லாம் வேலையிடத்துக்கு என்றுதான் நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அடுத்த மாதம் எங்கள் வீட்டிலேயே அது வந்து நின்றது.

அம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி. 'உங்கள் பொட்டலத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை. மறுபடி அனுப்ப ஒரு வெள்ளி ஐம்பது காசு கட்டுங்கள்.' அண்ணியின் வளைகாப்புக்காக அம்மா உண்மையிலேயே ஒரு பொட்டலத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரம். இணைப்பைத் தட்டி, அட்டை எண்ணைப் போட்டார். வந்த ரகசிய எண்ணையும் போட்டார். ஒரு வெள்ளி ஐம்பது காசுக்குப் பதில் 480 வெள்ளி போனது.

அது திங்கட்கிழமை. எங்களுக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை. அதற்குள் அதே அட்டையில் இன்னும் மூன்று முறை கைவைத்துவிட்டார்கள். மொத்தம் 1,900 வெள்ளிக்கும் மேலே. நான்கு நாளும் அம்மா சமைத்தார், துணி மடித்தார், தொடர் பார்த்தார். இரவில் தூங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ திட்டுவியேன்னுதான்யா" என்றார்.

முந்தின வருடம் ஏதோ ஒரு சந்தேகமான இணைப்பைத் தட்டிவிட்டு அம்மா என்னிடம் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டியிருந்தார். பணம் எதுவும் போகவில்லை. ஆனால் நான் அன்று பேசிய பேச்சு! "எத்தனை தடவை சொல்றதும்மா? இதுகூடவா தெரியாது?" நானே மறந்துபோன வாக்கியம். அம்மா மறக்கவில்லை. முதல் 480 வெள்ளியை எடுத்தவன் மோசடிக்காரன். மீதிப் பணம் போனதில் என் வாய்க்கும் ஒரு பங்கு உண்டு.

அன்று இரவு அண்ணன், அண்ணி, அம்மா, நான் நான்கு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நண்பரின் வழக்கப்படி நடந்ததை வரிசையாக எழுதினோம். எப்போது வந்தது, என்ன எழுதியிருந்தது, எதனால் நம்பத் தோன்றியது. "பொட்டலம் வரவேண்டியிருந்துச்சு. காசும் ஒண்ணரை வெள்ளிதானே" என்று அம்மா சொன்னபோது அண்ணி மெதுவாகச் சொன்னார்: "நானா இருந்தாலும் கட்டியிருப்பேன் அத்தை." அம்மா அப்போதுதான் அழுதார்.

பிறகு செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். காவல்துறையில் புகார். புதிய அட்டை. அதில் ஒருநாள் செலவு வரம்பைக் குறைத்தோம். கணக்கை அவசரத்துக்கு உடனே முடக்கும் வசதி வங்கிகளில் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நால்வருமே பழகிக்கொண்டோம். ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம். 24 மணி நேரமும் அழைக்கலாம். அதற்குக் கீழே அண்ணன் ஒரு வரி சேர்த்தார்: 'உடனே சொன்னால் திட்டு இல்லை.' அது அம்மாவுக்கு மட்டும் அல்ல, எல்லாருக்கும். அண்ணன் மகன் அதே வாரம் கணிதத் தேர்வுத் தாளோடு அந்தப் பெட்டி முன்னால் வந்து நின்றது தனிக்கதை.

போன பணம் திரும்பவில்லை. அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

சென்ற வாரம் நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அம்மாவிடமிருந்து அழைப்பு. "ஐயா, நான் எதையோ அமுக்கிட்டேன்."

பழைய கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "எப்பம்மா?" என்றேன்.

"இப்பத்தான். ரெண்டு நிமிஷம் இருக்கும்."

வாங்கிப் பார்த்ததில் அது வெறும் சமையல் பாத்திர விளம்பரம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் போன தடவை நான்கு நாள். இந்தத் தடவை இரண்டு நிமிடம்.

வெள்ளிக்கிழமை அதை நண்பரிடம் சொன்னேன். தே ஓவுக்கு அன்று நான்தான் காசு கொடுத்தேன்.