பரிகாரச் சீட்டுக்கு வரிசை, தேவார வகுப்புக்கு நாலு பேர்

திருச்சிற்றம்பலம்.

இது கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை, முழுசா படிச்சிட்டு அப்புறம் கோபப்படுங்க. இதை எழுதுகிற நாங்கள் வெளியாட்கள் இல்லை. விசேஷ நாள்ல கார் நிறுத்த இடம் காட்டுறவங்க, அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிறவங்க, திருவிழா முடிஞ்சதும் குப்பை கூட்டுறவங்க. உங்களைத் தினமும் பார்க்கிற தொண்டர்கள்.

சென்ற மாதம் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தேவார வகுப்பு நடக்கிற பின்னறையைக் காலி செய்து, மண்டபத்து நாற்காலி மேசைகளை அங்கே அடுக்கி வைக்கலாமா என்று. ஏன் என்று கேட்டோம். "நாலு பிள்ளைங்கதானே வருதுங்க. நாலு பேருக்கு ஒரு அறையா?" என்றார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையிலேயே நாலு பேர்தான். அதில் இரண்டு பேர், சொல்லிக் கொடுக்கிற அம்மாவின் சொந்தப் பேரப்பிள்ளைகள்.

அதே ஆலயத்தில் குருப்பெயர்ச்சி அன்று என்ன நடந்தது? பரிகார ஹோமச் சீட்டுக்கு நின்ற வரிசை வாசலைத் தாண்டி ரோட்டோரம் வரைக்கும் போனது. சீட்டு முடிந்த பிறகும், "தம்பி, எப்படியாவது எங்க மகன் பேரை மட்டும் சேர்த்துக்குங்க" என்று கெஞ்சியவர்களை நாங்கள்தான் சமாதானம் சொல்லி அனுப்பினோம்.

ஒரே கோயில். ஒரே பக்தர்கள். கிரகம் இடம் மாறினால் வேலைக்கு லீவு போட்டு வருகிறோம். அந்தக் கிரகத்தைப் பற்றிய பயமே வேண்டாம் என்று பாடி வைத்த பதிகத்தைச் சொல்லித்தரும் வகுப்புக்கு, வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருந்தும் வர மாட்டேன் என்கிறோம். இதைத்தான் கேட்க வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பரிகாரம் செய்கிறவர்களைக் கேலி செய்ய இந்தப் பதிவு இல்லை. அந்த வரிசையில் நிற்கிறவர்களின் முகம் எங்களுக்குத் தெரியும். மகளுக்கு வரன் அமையாத அம்மா, வேலை போன அப்பா, டயாலிசிஸ் போய்வருகிற ஐயா. கஷ்டத்தில் இருக்கிறவன் கடவுளிடம் வராமல் வேறு யாரிடம் போவான்? வரணும். அழணும். கேட்கணும். அது தப்பே இல்லை.

கேட்டதோடு நின்றுவிடுகிறோமே, அங்கேதான் தப்பு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறோம். பேர், ராசி, நட்சத்திரம் சொல்கிறோம். தட்டு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. விபூதி பூசிக்கொண்டு, வாழைப்பழத்தையும் தேங்காய் மூடியையும் பையில் போட்டுக்கொண்டு கார் சாவியைத் தேடுகிறோம். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்திலும் பேசியது முழுக்க நம்மைப் பற்றித்தான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அடியார்கள் சொல்லிவிட்டுப் போனதையும் கேட்கவில்லை. வெளியே வந்து, "எவ்வளவு கும்பிட்டும் மனசுக்கு நிம்மதியே இல்லைங்க" என்று எங்களிடமே சொல்கிறோம். நிம்மதி எப்படி வரும்? கேட்டது கிடைத்தால் சந்தோஷம் வரும். அது அடுத்த கவலை வரும் வரைக்கும் இருக்கும். வரன் அமைந்தால் அடுத்து குழந்தை, குழந்தை பிறந்தால் அடுத்து படிப்பு, படிப்பு முடிந்தால் அடுத்து வேலை. இப்படிச் சீட்டு வாங்கியே ஒரு ஆயுசு போய்விடுகிறது.

கோளறு பதிகம் பிறந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் மதுரைக்கு வரும்படி ஆள் அனுப்பியபோது ஞானசம்பந்தர் திருமறைக்காட்டில் இருந்தார். கூட இருந்த அப்பர் பெருமான், நாளும் கோளும் சரியில்லை, இப்போது போக வேண்டாம் என்று தடுத்தார். அப்பருக்கு வயதும் அனுபவமும் அதிகம். சம்பந்தரோ பிள்ளை. அந்தப் பிள்ளை என்ன செய்தது? நல்ல நேரம் பார்த்துப் பயணத்தைத் தள்ளி வைத்ததா? இறைவன் என் உள்ளத்தில் இருக்கும்போது எந்தக் கிரகமும் அடியாரை ஒன்றும் செய்யாது என்று பதினோரு பாட்டுப் பாடிவிட்டுக் கிளம்பியது. கடைசிப் பாட்டில், ஓதுகிற அடியார்களுக்குத் தம் ஆணையாகவே உறுதியும் கொடுத்தார்.

நிதானமாக ஓதினாலும் கால் மணி நேரம்தான் ஆகும். சீட்டு வேண்டாம், வரிசை வேண்டாம், ஒரு வெள்ளி செலவு இல்லை. சனிப்பெயர்ச்சிக்கும் குருப்பெயர்ச்சிக்கும் அலறி அடித்து ஓடிவருகிற நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பதினோரு பாட்டு மனப்பாடம்? கையை நெஞ்சில் வைத்துச் சொல்லுங்கள். எங்களில்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

அப்பர் பெருமான் கதையையும் பாருங்கள். சூலைநோய் தாங்க முடியாமல்தான் அவர் அக்காள் திலகவதியாரிடம் வந்தார். நம்மைப் போலவே கஷ்டத்தில் வந்தவர்தான். திருவதிகையில் பாடினார், நோய் தீர்ந்தது. நம்ம கணக்குப்படி பார்த்தால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். வேண்டுதல் பலித்தது, நன்றிக்கு ஒரு அபிஷேகம் செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. நோய் தீர்ந்த அன்றைக்குத்தான் அவருக்கு வேலையே தொடங்கியது. வாயில் தமிழ், கையில் உழவாரப்படை. ஊர் ஊராய்ப் போய்க் கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கஷ்டமே வரவில்லையா? சூலைநோயைவிடப் பெரிய கஷ்டமெல்லாம் அப்புறம்தான் வந்தது. சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள், விஷம் கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள். அரசன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, நாங்கள் யாருக்கும் அடிமை இல்லை, எமனுக்கும் பயமில்லை, எங்களுக்கு என்றும் ஆனந்தம்தான் என்ற பொருளில் பாடியவர் அவர். இதைச் சொன்னபோது அவர் கையில் காசு இல்லை, பதவி இல்லை, தலைக்கு மேல் ராஜ தண்டனை. அப்படிப்பட்ட மனிதர் சந்தோஷத்தைப் பற்றிப் பேசுகிறார். வீடு, கார், நல்ல உத்தியோகம் எல்லாம் இருக்கிற நாம் நிம்மதி இல்லை என்கிறோம். அவரிடம் இருந்து நம்மிடம் இல்லாதது எது? நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் நாயன்மாருக்குத்தான் ஒத்து வரும், நமக்கு எங்கே என்று சொல்வீர்கள். அப்படியானால் நம்ம கோயில் பாட்டி ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. தோட்டத்தில் பால்மரம் சீவி நாலு பிள்ளைகளை வளர்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டுக் கேட்டே பதிகங்களை மனசில் ஏற்றிக்கொண்டவர். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கோயில் கதவெல்லாம் சாத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அர்ச்சனை இல்லை, ஹோமம் இல்லை, அன்னதானம் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர் புலம்பினோம், கோயிலுக்குப் போக முடியலையே, பைத்தியம் பிடிக்குது என்று. அந்தச் சமயம்தான் பாட்டியின் பெரிய மகன் தவறிப்போனார். சவ அடக்கத்துக்குச் சொந்தக்காரர்கள்கூட வர முடியாத நேரம். நாங்கள் போனில் கூப்பிட்டோம், என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல். பாட்டி அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, "அழுகை வந்தா அழுவுறேன் தம்பி, அப்புறம் பதிகம் பாடுறேன், பாடினா அவரு பக்கத்துல இருக்காரு" என்றார். அவரைத் தேற்றக் கூப்பிட்ட நாங்கள் தேறிப்போய் போனை வைத்தோம்.

கோயில் பூட்டின அன்றைக்குத்தான் யார் வீட்டில் கோயில் இருக்கிறது என்று தெரிந்தது.

இப்போது நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருவோம்.

"பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்க, தேசியப் பள்ளியில படிக்குதுங்க." சரி. பாட்டிக்கும்தான் தெரியாது. சினிமாப் பாட்டைப் படித்தா பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றன? காதால் கேட்டுத்தானே! ரோமன் எழுத்தில் அச்சடித்த தாளும் வகுப்பில் கொடுக்கிறோம். வந்து கேட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

"ஞாயிற்றுக்கிழமை டியூஷன் இருக்கு, நேரமே இல்லை." டியூஷன் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் பரீட்சை நேரத்தில் பேனாவைச் சாமி பாதத்தில் வைத்து வாங்க எப்படியோ நேரம் கிடைக்கிறதே. எஸ்.பி.எம். ரிசல்ட் சரியாக வரவில்லை என்று ரூமுக்குள் பூட்டிக்கொண்டு உட்காருகிற பிள்ளைக்கு டியூஷன் சார் வந்து கதவைத் தட்ட மாட்டார். அந்த நேரத்துக்குப் பிடித்துக்கொள்ள அவன் மனசில் ஏதாவது ஒன்றை நாம் போட்டு வைத்திருக்க வேண்டாமா?

"சாமிக்கு மனசு போதும், பாட்டெல்லாம் எதுக்கு?" மனசு போதும்தான். ஆனால் மனசு தானாகப் பழுக்காது. அதைப் பழுக்க வைக்கத்தான் பெரியவர்கள் பன்னிரண்டு திருமுறை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அர்ச்சனை, பரிகாரம் இல்லாம கோயில் கரண்டு பில்லை யார் கட்டுவா?" இது நிர்வாகத்திலிருந்து வருகிற கேள்வி. மதிக்கிறோம். குருக்கள் சம்பளம், பூமாலை, எண்ணெய் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். சீட்டை நிறுத்தச் சொல்லவில்லை. சீட்டு வாங்கி உட்காருகிறவர்களை, ஹோமம் நடக்கும்போது போன் பார்க்க விடாமல், கோளறு பதிகத்தைக் கூடச் சேர்ந்து ஓத வையுங்கள் என்கிறோம். அதற்குக் காசு செலவில்லை. கும்பாபிஷேகத்துக்கு எல்.இ.டி. திரை வைக்கத் தெரிந்த நமக்கு, அந்தத் திரையில் உபயகாரர் படத்துக்குப் பதிலாகப் பதிகத்தைக் காட்டத் தெரியாமல் போனதே! இதில் எங்கள் பங்கும் உண்டு. அந்தத் திரைக்கு வயர் இழுத்ததே நாங்கள்தான்.

இன்னொன்று. ஓதுவது மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகப் பாடிவிட்டு வெளியே வந்து, கார் குறுக்கே நிற்கிறது என்று கெட்ட வார்த்தை பேசினால் பாடிய பாட்டு எங்கே போனது? அன்னதானத்தில் தட்டு நிறைய வாங்கிப் பாதியைக் குப்பையில் கொட்டுகிறோம். முதல் மரியாதை யாருக்கு என்று சண்டை போடுகிறோம். பால்குடம் எடுத்த மறுநாளே மாமியாரை அழ வைக்கிறோம். திருமுறை வாயில் இருந்தால் பத்தாது, கைக்கும் வரணும். அப்பர் அதற்குத்தான் உழவாரம் பிடித்தார்.

இராசராச சோழன் காலத்தில் தேவார ஏடுகளைத் தேடித் தில்லையில் அறையைத் திறந்தபோது, கரையான் புற்று மூடி அரித்துப் போனது போக மிஞ்சியதே கிடைத்தது என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. நம்பியாண்டார் நம்பி அதைத் தொகுத்துக் கொடுத்தார். அன்றைக்கு ஏட்டை அரித்தது கரையான். நாளைக்கு நம்ம பின்னறையில் நாற்காலியை அடுக்கினால் கரையான் மேல் பழி போட முடியாது. அரித்தது நாம்தான்.

தைப்பூசம் வரைக்கும் அந்த அறையை விட்டுவையுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். சம்மதித்திருக்கிறார்கள். அதற்குள் இருபது பேராவது வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, ஒரு மணி நேரம். பிள்ளையை இறக்கிவிட்டுப் போகாதீர்கள், நீங்களும் உட்காருங்கள். பிள்ளை இல்லாதவர்களும் வாருங்கள். வயசு கணக்கில்லை, குரல் கணக்கில்லை. முதல் பாடம் கோளறு பதிகம்தான். நாங்களும் உங்களோடு உட்கார்ந்து முதல் பாட்டிலிருந்து படிக்கப் போகிறோம்.

வேண்டுதல் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டது கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, கலங்காத மனசோடு வீட்டுக்குப் போகிற நாள் ஒன்று வரும். பாட்டிக்கு வந்திருக்கிறது. நமக்கும் வரும்.

இதைப் படித்துக் கோபம் வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து திட்டுங்கள். பத்து மணிக்கு வாங்க. டீ நாங்க போடுறோம்.

திருச்சிற்றம்பலம்.