நரம்பு அல்ல, சிரை

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் ஊர்களில், கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்து நெளியும் குழாய்களோடு நடமாடுபவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பார்கள். வயதின் கோளாறு என்று தைலம் தேய்த்துக்கொள்வார்கள். நம் பேச்சுமொழியில் நரம்பும் இரத்தக் குழாயும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இம்மயக்கம் வெறும் சொற்பிழை அன்று. நோயின் காரணத்தையே அது மறைத்துவிடுகிறது என்பது நம் கருத்து.

புடைப்பது நரம்பன்று, சிரை. காலுக்கு இறங்கிய குருதியை மீண்டும் இதயத்துக்கு ஏற்றிச் செல்லும் குழாய் அது. நடக்கையில் கெண்டைத்தசை இறுகிச் சிரையைப் பிழிகிறது. ஏறிய குருதி திரும்ப இறங்காதபடி உள்ளிருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நிற்பவருக்கோ, மாடு நின்றுவிட்ட கமலையைப் போல இந்த இறைப்பு ஓய்ந்துவிடுகிறது. தேங்கிய குருதியின் அழுத்தத்தில் சிரை விரிய, வால்வுகள் பொருந்தாமல் போகின்றன. முதலில் மாலைநேர வீக்கம். பிறகு அரிப்பு, கணுக்காலுக்கு மேல் கறுத்த தோல். முடிவில் எளிதில் ஆறாத புண். பரம்பரையும் பேறுகாலமும்கூடக் காரணமாகலாம். ஆயினும் நாள்முழுதும் நின்று செய்யும் வேலை அதை முற்றச் செய்கிறது.

அருப்புக்கோட்டை நெசவூர். குழித்தறியில் அமர்ந்து, மிதிகட்டையை மிதித்து நெய்தவர்களின் கால்கள் ஓயாமல் அசைந்தன. விசைத்தறிக் கூடத்திலோ நின்றபடி இழை முடிய வேண்டும். மழை பொய்த்த காட்டை விட்டுப் பெருநகர ஜவுளிக்கடைகளுக்குச் சென்றவர்களுக்கும் நிற்பதே தொழில். 2010இல் வந்த 'அங்காடித் தெரு' அவ்வாழ்வைத் திரையில் காட்டியது. 2018இல் கேரளமும், 2021இல் தமிழ்நாடும் கடைப் பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் எனச் சட்டத்தைத் திருத்தின. வரவேற்கத்தக்கதே. ஆனால் நாற்காலி இருந்தால் போதாது. அதில் உட்காருபவரை முறைக்காத முதலாளியும் வேண்டும். தறிக்கூடத்துக்கும் அந்தக் கரிசனம் நீள வேண்டும்.

அதுவரை, நிற்கும்போதே குதிகாலை உயர்த்தி இறக்கலாம், இடைவேளையில் நடக்கலாம், படுக்கையில் காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைக்கலாம். டாப்ளர் பரிசோதனை குறையைக் காட்டிவிடும். இறுக்கக் காலுறையை மருத்துவர் சொன்னபின் அணிவதே முறை. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஆழ்சிரையில் குருதி உறைந்திருக்கக்கூடும்.

நரம்புத் தளர்ச்சி என்றால் பழி உடலின்மேல் விழுகிறது. சிரை என்று சரியாகச் சொன்னால், எத்தனை மணி நேரம் நிற்கவைத்தீர்கள் என்ற கேள்வி எழும். அக்கேள்வி எழவேண்டும் என்பதே நம் விருப்பம்.