வயிற்று வலியா, பயமா?

நம் சங்க ஏட்டில் வழக்கமாகப் பழைய ரயில்வே நினைவுகளை எழுதுகிறவன் நான். இம்முறை, நம் வீடுகளில் பேசத் தயங்கும் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, வகுப்பில் இந்திப் பாடத்தை உரக்கப் படித்தபோது உச்சரிப்பு தவறிற்று, பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் முதல் காலையானால் வயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. என் மனைவி திருஷ்டி சுற்றிப் போட்டாள். நான், "இதற்கெல்லாமா பயப்படுவது?" என்று அதட்டினேன். மகளோ பரிதாபப்பட்டு, "இன்றைக்குப் போகவேண்டாம்" என்று வீட்டில் நிறுத்திக்கொண்டாள். ஒரு மாதம் ஓடிவிட்டது.

பிறகுதான் ஒரு மனநல ஆலோசகரிடம் போனோம். அவர் கையாண்ட முறைக்கு சி.பி.டி. என்று பெயர். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த வழியில் வளர்ந்தது. நினைப்பு, உணர்ச்சி, செயல் மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை என்பதே அதன் அடிப்படை. பள்ளிக்குப் போகாவிட்டால் இன்றைய பயம் தணியும். நாளைய பயம் வளரும். ஆக, என் அதட்டலும் தவறு, மகளின் பரிவும் தவறு.

"எல்லாரும் சிரித்தார்கள்" என்றாள் பேத்தி. "எத்தனை பேர்? எண்ணிச் சொல்" என்றார் ஆலோசகர். நாற்பது பேரில் ஐந்தாறு பேர்தான்! பிறகு ஒரு ஏணி போட்டார்கள். முதலில் என்னிடம் படிப்பது, அடுத்து இரு தோழிகளிடம், பிறகு ஆசிரியையிடம் தனியாக, கடைசியில் வகுப்பில். தண்டவாளம் புதுப்பித்த இடத்தில் வண்டியை எடுத்தவுடன் முழு வேகத்தில் விடமாட்டோம். 20 கிலோமீட்டர், 45, 75 என்று பாதை இறுக இறுகத்தான் ஏற்றுவோம். முப்பது வருடம் அதைச் செய்தவனுக்கு, குழந்தை விஷயத்தில் மட்டும் அது தோன்றவில்லை.

இது வெறும் ஆறுதல் பேச்சல்ல. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பதற்ற நோயுள்ள 7 முதல் 17 வயது வரையிலான 488 பிள்ளைகளிடம் 12 வாரம் சோதித்தார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 சதவீதம் பேரும், இச்சிகிச்சை பெற்றவர்களில் 60 சதவீதம் பேரும் நன்கு தேறினார்கள். மருந்தும் சேர்ந்தபோது 81 சதவீதம். மருந்தே ஆகாது என்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

இன்னொன்றுதான் என்னை உறுத்துகிறது. மனதில் ஓடுவதை எழுதச் சொன்னபோது, பேத்தி ஒரு பக்கம் முழுவதும் இந்தியில் எழுதினாள். தமிழில் அவளுக்கு வாய்த்தது "வயிறு வலிக்குது" மட்டுமே. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்று பெருமைப்படுகிறோம். அந்தத் தமிழ் சாப்பிடக் கூப்பிடவும் திட்டவும் மட்டும்தானா? பயமாக இருக்கிறது, அவமானமாக இருக்கிறது என்று சொல்லவும் குழந்தைக்கு அதில் இடம் வேண்டாமா?

மூன்று மாதத்தில் பேத்தி வகுப்பில் படித்தாள். கை நடுங்கியதாம், ஆனாலும் முடித்தாள்.

பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வைக்கும் நம் சங்கம், பெற்றோருக்காக ஒரு மாலை மனநல ஆலோசகர் ஒருவரை அழைக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. அவசரத்துக்கு, மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று நாம் இழந்த அந்த ஒரு மாதம் உங்கள் வீட்டிலும் வீணாகவேண்டாம்.