மீகடத்தியும் மெய்மையும்

கே.கே. நகருக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி, கம்பியின் தடையால் வழியிலேயே வெப்பமாகி வீணாகிறது. தடையின்றி மின்சாரம் பாயும் பொருள்களே மீகடத்திகள். 1911-இல் பாதரசத்தில் கண்டறியப்பட்ட இவ்வியல்புக்குக் கடுங்குளிர் தேவைப்பட்டது. 1987-இல் 93 கெல்வினில் மீகடத்தும் செம்பு ஆக்சைடு ஒன்று அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. செய்முறை எளிது, பல நாட்டு ஆய்வகங்கள் விரைவில் செய்து பார்த்து உறுதிப்படுத்தின.

2018-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் இருவர், பொன்னும் வெள்ளியும் சேர்ந்த நுண்பொருளில் 236 கெல்வினில் மீகடத்தல் கண்டதாக அறிவித்தபோது நாம் பெருமிதம் கொண்டோம். எனினும், வெவ்வேறு அளவீடுகளில் ஒரே சிதறல் அப்படியே மீண்டும் வருவதை அமெரிக்க இயற்பியலாளர் பிரையன் ஸ்கின்னர் சுட்டிக்காட்டினார். தற்செயலான சிதறல் இருமுறை ஒன்றுபோல் அமைவது அரிதன்றோ? அக்கூற்று அறிவுலகின் ஏற்பைப் பெறவில்லை.

2023-இல் தென்கொரியர் சிலர் அறைவெப்ப மீகடத்தி என அறிவித்த பொருளைப் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தார் தாமே செய்து அளந்தனர், மீகடத்தல் காணப்படவில்லை. செய்முறை வெளிப்படையாக இருந்ததால் ஐயம் விரைவில் தீர்ந்தது.

நாட்டுப்பற்றும் நிறுவனப் பெருமையும் சான்றாகா. சொல்பவர் யாராயினும் பொருளை ஆராய்வதே வள்ளுவர் காட்டிய அறிவு. தடை முற்றும் மறைந்ததா? காந்தப்புலம் வெளியே தள்ளப்படுகிறதா? பிறர் செய்து பார்க்க வழி தரப்பட்டதா? இம்மூன்றையும் கேட்ட பின்னரே நாம் நம்புவோம்.