இரண்டாவது கார் எங்கே நிற்கும்?

மந்தைவெளியில் எங்கள் தெருவில் ஒரு நடை போனால், யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பதை வாசல்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பா, மணல் மூட்டை, செடி செத்துப்போன தொட்டி, ‘மீறினால் காற்று பிடுங்கப்படும்’ என்று மிரட்டும் தகரப் பலகை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும், அவசரமாகக் கிளம்ப வேண்டிய ஒரு காலையில் குறுக்கே நின்ற கார் ஒன்று இருக்கும்.

எங்கள் வாசலில் நிற்பது எதிர்வீட்டு மாடிக்காரரின் எஸ்யூவி. மாமியாரை பிசியோதெரபிக்கு அழைத்துப்போக ஆட்டோ வந்தால், பாதி கேட்டைத்தான் திறக்க முடியும். போய் மணி அடித்தால், “ரெண்டே நிமிஷம் மாமி, ஆக்டிங் டிரைவர் சாவியை எடுத்துட்டுப் போயிட்டான்” என்பார். நல்ல மனிதர். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று முதலில் ஓடிவந்து தூக்கியவர் அவர்தான். சிக்கலே அதுதான். முன்பின் தெரியாதவர் என்றால் 100-ஐ அழைத்துவிடலாம். இவர்மேல் புகார் கொடுத்துவிட்டு நாளைக்கு எப்படி முகத்தில் விழிப்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. வாசலை மறித்து வண்டியை நிறுத்தக் கூடாது என்று 2017-ன் வாகன ஓட்டுதல் விதிகள் சொல்கின்றன. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துப்போகவும், சக்கரத்துக்குப் பூட்டுப் போடவும் 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம் 127-ஆம் பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. அபராதம் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500. இருபது லட்சம் கொடுத்து வண்டி வாங்கியவருக்கு 500 ரூபாய் என்பது, பாண்டி பஜாரில் குடும்பத்தோடு சாப்பிட்ட டிபன் பில்.

கல் வைப்பவர்கள் பக்கமும் நான் இல்லை. வீடுகளுக்கு முன்னால் அனுமதியின்றி ‘நோ பார்க்கிங்’ பலகையும் தடுப்பும் மணல் மூட்டையும் வைத்தால் நடவடிக்கை என்று சென்னை போக்குவரத்துப் போலீஸ் 2024-ல் எச்சரித்தது. சரியான எச்சரிக்கைதான். என் கேட்டை மறிக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. என் மதில் சுவரின் நீளம் முழுக்க என்னுடையது என்று சொல்ல இல்லை. அந்தத் தார் மாநகராட்சியுடையது.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம்? ஒரு கிரவுண்டில் ஒரு வீடும் ஒரு ஸ்கூட்டரும் இருந்த இடத்தில் இப்போது ஆறு ஃபிளாட். கீழே ஸ்டில்ட்டில் கோடு போட்ட ஆறு இடங்கள். அவற்றில் ஒன்றில் வாட்ச்மேன் கட்டில், இன்னொன்றில் யாரோ கழற்றிப்போட்ட சோபா. ஃபிளாட்டுக்கு இரண்டு கார். மிச்சக் கணக்கு தெருவில் நிற்கிறது. மார்கழியில் சபாவுக்கு வருபவர்களும் பங்குனியில் அறுபத்து மூவருக்கு வருபவர்களும் விடும் வண்டிகளை நாங்கள் வாய்கிழியத் திட்டுவோம். அவர்கள் திருவிழா முடிந்தால் போய்விடுவார்கள். உறை போட்டு மூடி, மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் வருஷம் முழுக்க நிற்பது நம்முடையது. தண்ணீர் லாரி உள்ளே வர முடியாமல் முனையிலேயே நின்று ஹாரன் அடிப்பதும் அதனால்தான்.

கார் நிற்க இடம் என்றால் அதற்கு ஒரு விலை உண்டு. தி.நகர் தணிகாசலம் சாலையில் கட்டிய அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் 222 கார்களும் 513 இருசக்கர வாகனங்களும் நிற்கலாம். அதற்குச் செலவு சுமார் 40 கோடி ரூபாய். எங்கள் தெருவில் அதே இடம் இலவசம். பிறகு ஏன் ஒருவர் தன் சோபாவை அப்புறப்படுத்தப் போகிறார்?

மாடிக்காரர் போன மாதம் மகளுக்கென்று ஒரு சின்ன கார் புக் செய்தார். ஷோரூமில் கலர் கேட்டார்கள், கடன் வேண்டுமா என்று கேட்டார்கள், ஃபேன்சி நம்பர் வேண்டுமா என்றும் கேட்டார்கள். எங்கே நிறுத்துவீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஜப்பானில் 1962 முதல் அதற்குச் சட்டமே இருக்கிறது. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்று தந்தால்தான் அங்கே பொதுவாகக் காரைப் பதிவு செய்ய முடியும். சென்னைக்கான வாகன நிறுத்தக் கொள்கையிலும், 2025-ல் அரசு ஒப்புதல் கொடுத்தபோது, இந்த யோசனை இடம்பெற்றது.

எல்லோருக்கும் ஒரேயடியாக வேண்டாம். ஒண்டுக் குடித்தனத்தில் இருந்துகொண்டு டாக்சி ஓட்டிப் பிழைப்பவரிடம் போய் ஷெட் எங்கே என்று கேட்பது அநியாயம். ஒரே முகவரியில் பதிவாகும் இரண்டாவது சொந்தக் காரிலிருந்து ஆரம்பிக்கட்டும். இடம் இல்லை, தெருவில்தான் விடுவேன் என்றால் மாதக் கட்டணம் வாங்கட்டும். கடைத்தெருவில் மணிக்கணக்கில் வசூலிக்கத் தெரிந்த மாநகராட்சிக்கு இது புதிய வித்தை இல்லை.

சான்றிதழ்தானே, ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் புரோக்கர் கட்டாக வைத்திருப்பார் என்கிறார் என் கணவர். வைத்திருக்கட்டும். இரவு பதினொரு மணிக்கு ஒரு ஊழியர் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து நம்பர் பிளேட்டுகளைக் குறித்துக்கொண்டு போனால், எந்தச் சான்றிதழ் பொய் என்பது விடிவதற்குள் தெரிந்துவிடும்.