தண்டனை ஓட்டவீரனுக்கு மட்டுமா?

ஒன்பது மாதத் தடை! 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆந் திகதி போலந்தின் கற்றோவிற்சே நகரில் நிகழ்ந்த விபத்துக்காக, நெதர்லாந்து வீரர் டிலன் குரூனவேகனுக்குச் சர்வதேசத் துவிச்சக்கர வண்டிச் சங்கம் விதித்த தண்டனை அது. முடிவெல்லையை நெருங்குகையில் அவர் தம் பாதையை விட்டு விலகி, தம் நாட்டவரான பாபியோ யாக்கொப்சனைத் தெருவோரத் தடுப்பின்மீது நெருக்கினார். குற்றமே; நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்தடுப்பு யாது செய்தது? விழுபவனைத் தாங்கவேண்டிய தடுப்பு சிதறிப் பறந்தது! யாக்கொப்சன் முகஞ் சிதைந்து, பற்களை இழந்து, அரிதின் உயிர் பிழைத்தார். முடிவெல்லை அமைக்கப்பட்டிருந்ததோ இறக்கத்தில். வீரர் வந்த வேகமோ மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீற்றர். அவ்விறக்கத்தைத் தெரிவுசெய்தவர் குரூனவேகனா?

ஆபத்தை அறிந்தே வண்டியேறினான், ஆதலின் முறையிட உரிமையிலன் என்பர் சிலர். சட்டம் பயின்றோர்க்கு இது பழகிப்போன வாதம். உரோமர் காலத்துச் சரக்கு. சக்கரம் வழுக்கும், பக்கத்தே வருபவன் இடிப்பான்: இவற்றுக்கு வீரன் இசைந்தான். மூடாது விட்ட கொங்கிறீற்றுக்கு எப்போது இசைந்தான்? கட்டில்லாத தோட்டக் கிணற்றில் விழுந்த கூலியாளைப் பார்த்து, "இங்கே கிணறிருப்பது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுத் தோட்டக்காரர் தப்பமுடியுமா?

1995இல் பிரான்சைச் சுற்றும் போட்டியில், பிரனீஸ் மலையிறக்கத்தில் இத்தாலிய வீரர் பாபியோ கசார்த்தெல்லி வீழ்ந்து, தெருவோரக் கொங்கிறீற்றுக் கட்டையில் மோதி மாண்டார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. 1991இல் கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றபோது வீரர்களே எதிர்த்துநிற்க, சங்கம் பின்வாங்கியது என்பதும் உண்மை. 2003 மார்ச்சில் கசாக்ஸ்தானின் அந்திரே கிவிலெவ் இறந்தபின், மே மாதத்தில் விதி வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு முடியாதது இரு மாதத்தில் முடிந்தது! சரி, தலைக்குக் கவசம் வந்தது. தெருவுக்கு? 2019 ஆகஸ்ட் 5ஆந் திகதி, அதே போலந்துப் போட்டியில், 22 வயது பெல்ஜிய வீரர் பியோர்க் லாம்பிரெக்ற் தெருவோரக் கொங்கிறீற்று மதகில் மோதி மாண்டார். கற்றோவிற்சே விபத்து நிகழ்ந்தது சரியாக ஓராண்டின் பின்!

அதனினும் கொடிது 2024 செப்டெம்பரில் சூரிச் நகரில் நிகழ்ந்தது. உலக இளையோர் மகளிர் போட்டியில், மழையிலே, 18 வயது மூரியல் பூரர் காட்டுப்பகுதியில் விழுந்தார். கண்டவர் எவருமில்லை. செவியிற் பொருத்தும் வானொலி அப்போட்டியில் அனுமதிக்கப்படவில்லை. போட்டி நடந்துகொண்டேயிருக்க அப்பெண் நெடுநேரம் அங்கே கிடந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது. தொலைக்காட்சிக்கு முன்னணி வீராங்கனையின் ஒவ்வொரு மிதியையும் காட்ட இயன்றவர்களுக்கு, பின்னே ஒருத்தி குறைகிறாள் என்று எண்ணத் தெரியவில்லை.

2025 ஆகஸ்டில் சுவிற்சர்லாந்தின் மகளிர் போட்டியொன்றில் இடங்காட்டுங் கருவியைச் சங்கம் சோதிக்க முனைந்தது. நல்லதே. ஆனால் கருவியைச் சுமக்கும் வீராங்கனையைப் பெயர்குறிக்க மறுத்த ஐந்து அணிகளைப் போட்டியிலிருந்தே விலக்கியது. அணிகளின் பிடிவாதத்தை நாம் போற்றவில்லை. எனினும் பாருங்கள், கை ஓங்கப்படுவது மறுபடியும் ஓட்டுபவர் பக்கமே!

நாம் கேட்பது பெரிதன்று. போட்டிப் பாதை முழுவதையும் நேரிற் சென்று பார்த்து, "பார்த்தேன், தகும்" என்று பொறுப்புள்ள ஒருவர் கையொப்பமிடட்டும். தடுப்புச் சிதறினால், மதகு மூடப்படாது கிடந்தால், அக்கையொப்பக்காரருக்கும் ஒன்பது மாதம் விதிக்கட்டும்.