காடு வெட்டும் வேலை திரும்பி வருகிறது. குத்தகை யார் கையில்?

ஜொகூரில் இப்போது மண் புரளாத பக்கம் இல்லை. கூலாயில் பூஸ்டெட் நிறுவனத்திடம் இருந்த கூலாய் யங் தோட்டம், ஏறக்குறைய 1,600 ஏக்கர் செம்பனை நிலம், 42 கோடியே 88 லட்சம் வெள்ளிக்கு ஒய்டிஎல் பவர் நிறுவனத்திற்குக் கைமாறியது. அதன் ஒரு பகுதியில் இன்று தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் பரிமாறப்பட்டதிலிருந்து, சும்மா கிடந்த நிலங்களுக்கும் விலை பேசுகிறார்கள். விலை பேசப்படும் எந்த நிலத்திலும் முதல் வேலை ஒன்றுதான்: புதரை வெட்டித் துப்புரவு செய்ய வேண்டும்.

நூற்றுக்கணக்கான ஏக்கரைத் தட்டையாக்கும் பெரிய வேலை பெரிய நிறுவனங்களுக்குப் போகும். அதில் நமக்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொண்டு பேசுவோம். பெரிய வேலைக்கு வெளியே சின்னது நிறைய இருக்கிறது. குளுவாங்கிலும் சிகாமட்டிலும் மூன்று, ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள், தாமான்களில் காலி மனை வாங்கிப் போட்டுவிட்டுச் சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள், கோயில் நிலம், தமிழ்ப்பள்ளியின் பின்புறம். இந்தச் சின்ன வேலைகளைச் சனி, ஞாயிறுகளில் எடுத்துச் செய்யலாமா, அதற்குக் கடன் வாங்கி மெஷின் வாங்கலாமா என்று நம் இளைஞர்கள் பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்கிறோம்.

முதலில் ஒரு பழைய கதை. "நம் தாத்தன் பாட்டன் வெட்டிய காடு" என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அது பாதி உண்மை. ரப்பர்த் தோட்டங்கள் உருவான காலத்தில் பெருங்காட்டை வீழ்த்தும் குத்தகை பெரும்பாலும் சீனர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் கைகளில் இருந்தது. கங்காணி அழைத்து வந்த நம்மவர்களுக்குக் கிடைத்தது அடுத்த கட்ட வேலை: புல் வெட்டுவது, கான் வெட்டுவது, கன்று நடுவது, பிறகு பால் வெட்டுவது. விடியற்காலைப் பிரட்டில் நின்று பேர் கொடுத்து வாங்கிய நாள் கூலி அது. குத்தகைக்கும் கூலிக்கும் இடையிலான அந்த வேறுபாடு, தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு இரண்டு சமூகங்களும் எங்கே போய் நின்றன என்பதில் தெரிந்தது. இப்போது அதே வேலை சின்ன அளவில் மீண்டும் வருகிறது. இம்முறை எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

ஏன் இப்போது? முதல் காரணம் நெருப்பு. ஒரு காலத்தில் வெட்டிப் போட்டதைக் காயவிட்டுக் கொளுத்திவிட்டால் செலவு தீப்பெட்டியோடு முடிந்தது. 2013 ஜூன் 23 காலையை மூவார் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்தப் புகை சுமத்ராவிலிருந்து வந்தது என்றாலும், உள்ளூரில் கொளுத்துபவர்கள் மீதான பார்வையும் அதன் பிறகு மாறியது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. முன்பு 5 லட்சம் வெள்ளியாக இருந்த உச்ச அபராதம், 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த திருத்தத்தால் 10 லட்சமானது. ஐந்தாண்டுச் சிறையும் உண்டு. இதில் பலர் கவனிக்காத ஒன்று, கொளுத்தியவன் யார் என்று தெரியாவிட்டாலும் நிலத்தின் உரிமையாளரோ அதை வைத்திருப்பவரோ பொறுப்பாளி ஆவார் என்பது. ஆகவே நில உரிமையாளர் இனி, "கொளுத்தாமல் சுத்தம் செய்து கொடுப்பாயா?" என்றுதான் முதலில் கேட்பார். பத்து பகாட், பொந்தியான் பக்கத்துக் கரிமண் நிலத்தில் இது இன்னும் முக்கியம். அங்கே தீ மேலே அணைந்தாலும் மண்ணுக்குள் புகைந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம் மருந்து. தோட்டங்களில் மருந்தடி வேலை செய்தவர்களில் பெரும்பகுதி நம் பெண்கள். பேராகுவாட் அவர்கள் நகத்தையும் கண்ணையும் தோலையும் என்ன செய்தது என்பதைத் தெனாகானித்தா 2002இல் ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு தடை வந்தது, 2006இல் தளர்த்தப்பட்டது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. மலிவாகப் புல்லைக் கருக்கிய அந்த வழி அடைபட்ட பிறகு, வெட்டுவதற்கும் அரைப்பதற்கும் கூலி கொடுக்க ஆளிருக்கிறது.

மூன்றாவது, கிழட்டுச் செம்பனை. 25 வயதைத் தாண்டிய மரம் உயரமாகிவிடும், குலை குறையும், அறுப்பதும் கடினம். ஆண்டுக்கு 4, 5 விழுக்காட்டு நிலத்தில் மறுநடவு நடக்க வேண்டும் என்பது கணக்கு. 2023இல் நாடு முழுவதும் நடந்தது சுமார் 1 லட்சத்து 32 ஆயிரம் ஹெக்டர், 2.3 விழுக்காடு. பாக்கி வேலை ஆண்டுக்கு ஆண்டு குவிகிறது.

கொளுத்தாமல் மறுநடவு செய்வது வெளிநாட்டுப் புதுமை அல்ல. கோல்டன் ஹோப் தோட்ட நிறுவனம் 1980களின் இறுதியிலேயே அதைச் செய்து காட்டி, 1992இல் ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் குளோபல் 500 விருதைப் பெற்றது. மரத்தைச் சாய்த்து, தண்டை மெல்லிய வில்லைகளாகச் சீவி, நிரைகளுக்கு இடையே பரப்பி மக்கவிடுவது அந்த முறை. அதையே சிறிய நிலத்தில் புதருக்கும் சிறு மரத்துக்கும் செய்வதுதான் இப்போது பேசப்படும் 'மல்ச்சிங்'. தமிழில் மூடாக்கு. பற்கள் பதித்த உருளையை எக்ஸ்கவேட்டரின் கையில் பொருத்தி, நிற்கும் புதரை அப்படியே அரைத்துத் தரையில் விடுவார்கள். லோரியில் ஏற்றிக் கொட்டுமிடம் தேட வேண்டியதில்லை. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் வெறும் மண் கரைந்து அடுத்தவர் கானில் போய் நிற்பதையும் அந்தப் போர்வை தடுக்கும்.

ஆனால் செய்யத் தெரிந்து செய்ய வேண்டும். செம்பனைத் தண்டைச் சீவாமல் கட்டை கட்டையாகக் குவித்துவிட்டுப் போனால், மக்கும் தண்டுக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதிலிருந்து கிளம்பும் வண்டு பக்கத்து இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். பழி நிலத்தைச் சுத்தம் செய்தவர் மீதுதான் விழும். மெல்லியதாகச் சீவிப் பரப்பி, மேலே பயற்றுக்கொடி படரவிட்டால்தான் வண்டு அடங்கும். லாலாங் புல் இன்னொரு ஏமாற்று. மேலே அரைத்துவிட்டால் நிலம் அழகாகத் தெரியும். கிழங்கு மண்ணுக்கடியில் உயிரோடு இருக்கும், சில வாரங்களில் பழையபடி நிற்கும். "ஒருமுறை அரைத்தால் போதும்" என்று வாக்குக் கொடுத்தால் இரண்டாவது முறை இலவசமாகப் போக வேண்டிவரும். பச்சை மரத்தூளை மண்ணோடு கிளறிவிடுவதும் தவறு. அது மக்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், நட்ட பயிர் மஞ்சளிக்கும். மேலே போர்வையாக விட்டால் போதும்.

இனிப் பணம். இந்திய வணிகர்களுக்கான தெக்குன் ஸ்பூமி கடனுதவி உண்டு. 2024இல் அறிவிக்கப்பட்ட 'ஸ்பூமி கோஸ் பிக்' திட்டம் 50,000 முதல் 1 லட்சம் வெள்ளி வரை என்றது. கிடைக்கிறது என்பதற்காக எடுப்பதா? 50,000 வெள்ளியை ஐந்தாண்டில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். லாப விகிதத்தைச் சேர்க்காமலே மாதம் 833 வெள்ளி. பகுதி நேரமாகச் செய்பவருக்கு மாதத்தில் எட்டு நாள். மழை, கல்யாணம், மெஷின் கோளாறு போக ஐந்து நாள் நிற்கும் என்றால், ஒவ்வொரு நாளும் முதல் 167 வெள்ளி கடனுக்கே. அதற்குப் பிறகுதான் டீசல். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் உதவித்தொகை எடுக்கப்பட்டபோது லிட்டர் 2.15லிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே இரவில் ஏறியதை எல்லாரும் பார்த்தோம். மெஷினை ஏற்றிப்போகும் லோரி வாடகை, தேய்ந்த பற்களை மாற்றும் செலவு தனி. தாமான் மனைகளில் புதருக்குள் செங்கல்லும் இரும்புக் கம்பியும் கிடக்கும். பற்களுக்கு அதுதான் எமன். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் ஒருவருக்கு வேலையில்லாத ஒரு மாதம் வந்தால், அந்த 833 வெள்ளி சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி.

என் கருத்தில், முதல் ஆண்டு பெரிய மெஷின் வாங்குவது வீண் துணிச்சல். புல்வெட்டும் மெஷின், சங்கிலி ரம்பம், நல்ல பாதுகாப்புச் சாதனங்கள், மூன்று பேர். இதோடு தொடங்கி, அரைக்க வேண்டிய வேலை வரும்போது மெஷினை ஓட்டுநரோடு நாள் வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையைச் சேர்த்தே விலை சொல்லலாம். வாடிக்கையாளர் நம்முடையவர், குத்தகை நம் பெயரில். மெஷின் யாருடையதாகவும் இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சிறிய எக்ஸ்கவேட்டரை வாங்கி அதில் அரைக்கும் உருளையைப் பொருத்த நினைப்பவர்கள், அந்த உருளைக்கு வேண்டிய எண்ணெய் ஓட்டத்தை அதன் ஹைட்ராலிக் பம்ப் கொடுக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பல சிறிய மெஷின்கள் கொடுக்காது.

தாள் வேலையில் நம்மவர்கள் சலித்துக்கொள்வது வழக்கம். எஸ்எஸ்எம்மில் வணிகப் பெயரைப் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரில் 30 வெள்ளி. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். அதைவிட முக்கியம் எந்த வேலை எதற்காக என்பது. செம்பனை மறுநடவுக்காகச் சுத்தம் செய்வது வேறு. வீடோ கடையோ கட்டுவதற்காக மனையைச் சுத்தம் செய்தால், 1994ஆம் ஆண்டு சிஐடிபி சட்டத்தின் விளக்கப்படி அது கட்டுமானப் பணியில் சேரும், குத்தகையாளர் பதிவு கேட்பார்கள். தொடக்கநிலை ஜி1 பதிவு 2 லட்சம் வெள்ளி வரையிலான வேலைக்கு. பட்டணத்தில் மரம் வெட்டும்போதும் கவனம் வேண்டும். சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை ஊராட்சி மன்ற அனுமதியின்றிச் சாய்க்க முடியாது, உரிமையாளரே "வெட்டு" என்றாலும். காய்ந்துபோன, ஆபத்தான மரங்களுக்கு விலக்கு உண்டு. முன்கூட்டியே படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

புல்வெட்டி தெறிக்கும் கல் கார்க் கண்ணாடியை உடைக்கும், கண்ணையும் உடைக்கும். 15 மீட்டருக்குள் ஆள் நிற்கக் கூடாது. பாம்பு, தெபுவான் குளவி, எலிக்காய்ச்சல் எல்லாம் இந்த வேலையோடு வருபவை. பகலில் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு அங்கே சொக்சோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சொந்தத் தொழிலில் கை போனால் அது கைகொடுக்காது. சுயதொழில் செய்வோருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனித் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 157 வெள்ளி 20 சென்னில் தொடங்குகிறது, இரண்டு நாள் டீசல் செலவுகூட இல்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் ஊர் ஊராகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டங்கள் இருக்கின்றன. நம் கோயில்களுக்கும் பள்ளி வாரியங்களுக்கும் நிலம் இருக்கிறது. இவற்றுக்கும் மறுநடவு, துப்புரவு வேலை வரத்தான் செய்யும். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து, பதிவு பெற்ற உள்ளூர் இளைஞர் குழுக்களிடம் விலை கேட்டால், முதல் மூன்று வேலை கிடைத்த ஒரு குழு நான்காவது வேலைக்கு வெளியாரிடம் போய்ப் பேச முடியும். இவ்வாண்டு பொதுக்கூட்டத்துக்குப் போகும் உறுப்பினர்கள், துப்புரவுக் குத்தகை யாருக்கு, எப்படிக் கொடுக்கப்பட்டது என்று எழுந்து கேட்கலாம். கணக்கறிக்கையில் அதற்கென ஒரு வரி இருக்கும்.